நோன்பு ஜமீல்

முனிச்சாலைப் பக்கம் போய் ஜமீல் வீடு எது என்று கேட்டால் எந்த ஜமீல் என்பார்கள். அந்தப் பேரில் தெருவுக்கு நாலு பேர். நோன்பு ஜமீல் என்று கேட்டால் மட்டும் பேச்சே இல்லாமல் எழுந்து வந்து வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். யாரோ கேலிக்கு வைத்த பேர் இல்லை அது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில், ஜமாத்தே நிறைந்து உட்கார்ந்திருக்க, பள்ளிவாசல் ஹஜ்ரத் வாயால் கிடைத்த பட்டம். அந்தப் பட்டம் ஒரு வீட்டுக்குள் புகுந்து என்ன பாடு படுத்தியது என்பது வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு ஜமீல் மேல் கோபம் வரும். வந்தால் தப்பில்லை.

ஜமீல் அப்போது பிரெம்னர் துரையிடம் சமையல்காரன். பஞ்சு வாங்கிச் சீமைக்கு அனுப்பும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றுக்குத் துரைதான் மதுரையில் ஏஜெண்டு. தல்லாகுளத்தில் பங்களா. மழைக்காலம் முடிந்து கண்மாய்கள் நிரம்பிவிட்டால் துரைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மேலூர்ப் பக்கம் வாத்துச் சுடப் போவார், கொட்டாம்பட்டிக் காட்டில் காடை சுடப் போவார். பின்னாலேயே மாட்டு வண்டியில் சட்டி பானைகளோடு ஜமீல் போவான். காற்றோ மழையோ, வண்டிக்கு அடியில் மூன்று கல்லைக் கூட்டி வைத்து, பங்களா மேஜையில் வைப்பது போலவே சூப்பும் ரோஸ்டும் புட்டிங்கும் செய்து வைத்துவிடுவான். இவனை நட்டாற்றில் இறக்கிவிட்டாலும் அடுப்பு மூட்டிவிடுவான் என்று துரை வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை பேசுவார். அந்தப் பெருமைதான் வினையாக முடிந்தது.

பெரிய சண்டை முடிந்து இரண்டாம் வருஷம், 1920. துரைக்கு நீண்ட லீவு கிடைத்தது. சீமையில் அவருடைய பழைய சிநேகிதர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாய்க்கப்பல் வாங்கியிருந்தார்கள். சரக்கு ஏற்றுவதற்கு இல்லை, சும்மா சுற்றுவதற்கு. யாட் என்பார்கள். சண்டையில் பட்டதையெல்லாம் மறக்க, கோடைக்காலம் முழுக்க வடக்குக் கடலோரமாகவே போய், சூரியன் மறையாத ஊர்வரை பார்த்துவிட்டு வருவது என்று திட்டம். கப்பலில் எல்லாம் இருந்தது, நல்ல சமையல்காரன்தான் இல்லை.

"ஜமீல், நீ வா" என்றார் துரை. கேள்வி இல்லை அது.

ஆனால் வீட்டில் ஒரு நேர்ச்சை இருந்தது. ஜமீலுக்கும் சுல்தான் பீவிக்கும் ஒரே பிள்ளை, ஷரீபா. நாலு வயசு முடிந்தும் அப்பனைப் பார்த்து அத்தா என்று ஒரு சொல் வாயிலிருந்து வரவில்லை. ஹக்கீமிடம் காட்டினார்கள், தாயத்துக் கட்டினார்கள், நாக்கில் தேன் தடவினார்கள். பின்னால் தட்டு விழுந்து உருண்டாலும் பிள்ளை திரும்பிப் பார்க்காது. அதைப் பார்த்துவிட்டு, அழுத்தக்காரி, அப்பன் குணம் என்று சிரித்தார்களே தவிர, காது கேட்கிறதா என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து ஒரு நேர்ச்சை வைத்தார்கள். வருகிற ரமலானில் முப்பது நோன்பும் ஒன்று விடாமல் இரண்டு பேரும் பிடிப்பது. சேர்ந்து பிடித்து, சேர்ந்து திறந்து, திறக்கும் நேரத்தில் இரண்டு பேரும் பிள்ளைக்காக துஆ கேட்பது. அதுவரைக்கும் ஜமீல் ஒரு ரமலானையும் முழுசாகப் பிடித்ததில்லை. துரை வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு எங்கே பிடிக்க?

"நேர்ச்சைய வச்சுப்பிட்டு எப்படிப் போவீக?" என்றாள் சுல்தான் பீவி.

"தொர கூப்புட்டு வரமாட்டேன்னு சொல்ல முடியுமா? நோன்பு எங்கிட்டு இருந்து பிடிச்சாலும் நோன்புதான?"

"சேந்து திறக்குறதுன்னுல்ல சொன்னோம்."

துரையிடம் கெஞ்சிக் கேட்டிருந்தால் அவர் வேறு ஆளைப் பார்த்திருப்பார். ஜமீல் கேட்கவில்லை. அவனுக்குப் போக ஆசை, அதுதான் நிஜம். சமையல்கட்டிலிருந்து சீமைக்குக் கப்பலேறியவன் அந்தத் தெருவில் அதுவரைக்கும் எவனும் இல்லை.

ஹஜ்ரத்திடம் போனான். பிரயாணத்தில் இருப்பவனுக்கு நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கச் சலுகை உண்டே என்றார் அவர். நேர்ச்சை என்றான். சூரியனே மறையாதாமே, எப்போது திறப்பது என்றும் கேட்டான். ஹஜ்ரத் கிதாபை எடுத்துப் புரட்டினார், மூடி வைத்தார், மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் சொன்னார்: "பொழுது மறையாத எடத்துல நம்ம ஊரு நேரத்த வச்சுக்க. இங்க பொழுது சாஞ்சு மகரிப் பாங்கு சொல்ற நேரம் அங்க உனக்கு மகரிப்." பிறை எந்த நாளில் தெரியும் என்றும் கணக்குப் பார்த்துச் சொல்லி அனுப்பினார்.

துரையின் பழைய சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று ஜமீலிடம் இருந்தது. அதைக் கொண்டுபோய் ரயிலடிக் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக வைத்தான். கப்பல் எந்த ஊருக்குப் போனாலும் அந்த முள்ளை மாற்றுவதில்லை, சாவி மட்டும் கொடுப்பது. இதைக் கேட்டதும் சுல்தான் பீவிக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"அப்ப நான் இங்கிட்டுக் கஞ்சியில வாய வைக்கிற நேரம் நீங்க அங்கிட்டுத் தண்ணி குடிப்பீக. ஒரே நேரந்தான்."

"ஒரே நேரந்தான்" என்றான் ஜமீல்.

அந்தப் பாய்க்கப்பலின் நீளத்துக்கு நாலைந்து கட்டை வண்டிகளை வரிசையாக நிறுத்தலாம், அகலத்துக்கு ஒன்றை நிறுத்துவதே சிரமம். அதற்குள் நாலு துரைமார், ஒரு கிழட்டு மாலுமி, ஜமீல். அலமாரி மாதிரி ஓர் இடம், அதுதான் அடுப்படி. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சட்டி சாயாதபடி அடுப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தை விட்டு வடக்கே திரும்பியதும் ஜமீலுக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. சுருண்டு கிடந்தவனின் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் லோகன் காப்டன், மூன்று சிநேகிதர்களில் ஒருவர், பட்டாளத்திலிருந்து வந்தவர். உலர்ந்த பிஸ்கோத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிவிட்டார். மதுரையில் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரன் ஜமீலின் வாந்தியைத் துடைத்தான் என்றால் எவனும் நம்பமாட்டான்.

"படகில் துரை கிடையாது, ஆள் கிடையாது" என்று பிரெம்னர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "நாம் எல்லாம் சிநேகிதர்."

பேச்சோடு நிற்கவும் இல்லை. இருந்தது ஒரே மேஜை, அதில் எல்லோரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜமீலும் உட்கார்ந்தான். இன்னொரு சிநேகிதர் டாக்டர், அவர் உருளைக்கிழங்குத் தோல் உரித்துக் கொடுத்தார். லோகன் காப்டன் ஜமீல் கையில் சுக்கானைக் கொடுத்துப் பிடிக்கக் கற்றுத் தந்தார். தல்லாகுளம் பங்களாவில் எத்தனையோ வருஷம் சமைத்திருந்தும் ஒரு நாற்காலியில் குந்தியறியாதவன், துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கப்பல் ஓட்டினான். தலைக்கு ஏறத்தான் செய்யும். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

நார்வே தேசத்துக் கரையை அவன் கடைசிவரை மறக்கவில்லை. கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கும் கரும்பாறை மலைகள், அடிக்கும் வெயிலில் உச்சியில் பனி, மலை நடுவே கடல் புகுந்து வெகுதூரம் ஓடும் தண்ணீர்ச் சந்துகள். அங்கங்கே சிவப்புச் சாயம் அடித்த மரவீடுகள். மூங்கில் பந்தல் போலக் கம்பு கட்டி ஆயிரக்கணக்கில் மீனைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்திருந்தார்கள். அந்தக் கருவாட்டு வாடை ஒன்றுதான் அவனுக்குச் சொந்தம் மாதிரி இருந்தது. ஹலாலாக அறுக்காத கறியை அவன் தொட்டுச் சமைப்பான், தின்னமாட்டான். அவனுக்கு மீனும் ரொட்டியும்தான்.

ஹஜ்ரத் சொன்ன கணக்குப்படி ரமலான் பிறந்தது. கடிகாரத்தை அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கவிட்டான். துரைமார் அறையில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு, அவன் அதைப் பார்க்கவே மாட்டான். அது அவனுக்கு வேண்டாத ஊரின் நேரம். மதுரையில் மகரிப் ஆகும்போது அங்கே நடுப்பகல் தாண்டி, வெயில் உச்சியிலிருந்து சரியத் தொடங்கியிருக்கும். அந்த வெளிச்சத்தில் ஜமீல் ஒரு பேரீச்சம்பழமும் ஒரு குவளைத் தண்ணீருமாக மூலையில் உட்கார்ந்து, முள் சரியாக வந்து நிற்கும்வரை பார்த்திருந்து, பிஸ்மில்லா சொல்லி வாயில் வைப்பான். இப்போது சுல்தான் பீவி பள்ளிவாசல் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றியிருப்பாள், ஷரீபா மடியில் உட்கார்ந்திருப்பாள், இரண்டு பேரின் துஆவும் ஒன்றாகப் போய்ச் சேரும் என்று நினைப்பான். கண் கலங்கிவிடும். வடக்கே போகப் போக இரவு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் இல்லாமலே போனது. ஆனாலும் அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை. அவனுடைய ராத்திரியும் பகலும் ஆணியில் தொங்கின.

"நட்டநடுப் பகலில் விரதம் முடிக்கிறாய், சௌகரியமான மதம்" என்பார் லோகன் காப்டன். ஜமீலும் சேர்ந்து சிரிப்பான். சிநேகிதன் கேலி செய்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

சங்கடம் உப்பில் வந்தது. துரைமாருக்குப் பெரிய சாப்பாடு பகல் சாப்பாடு. ஜமீல் நோன்பு திறப்பதற்குள் அதைச் சமைத்து இறக்க வேண்டும். உப்புப் பார்க்க நாக்கில் வைக்கமாட்டான். ஊரில் என்றால் கையே அளவு சொல்லும். இங்கே உப்புக்கண்டம் ஒரு பீப்பாயில் ஒரு மாதிரி, மறு பீப்பாயில் வேறு மாதிரி. ஒருநாள் சூப் சப்பென்று இருந்தது. மறுநாள் வாயில் வைக்க முடியாமல் கடலில் கொட்டினார்கள்.

"ருசி பார்த்துத் துப்பு" என்றார் பிரெம்னர்.

"வேணாம் தொர. பிள்ளைக்கு வச்ச நேர்ச்ச. ஒரு சொட்டு உள்ள போனாலும் போச்சு."

துரை தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் ஜமீலுக்கு ஓர் ஆச்சரியம். அவன் நோன்பு திறந்து முடித்த பிறகும் துரைமார் சாப்பாடு கேட்கவில்லை. அவன் சாவகாசமாக நாக்கில் வைத்து உப்புப் பார்த்து, நிதானமாகச் சமைத்து இறக்கிய பிறகுதான் மேஜைக்கு வந்தார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தனக்காகத் துரைமார் பசியைப் பொறுத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று அவன் புரிந்துகொண்டான். தொழுகையில் உட்கார்ந்து அந்த நாலு பேருக்காகவும் அழுதான். பிரெம்னரிடம் போய், "எனக்காகச் சோத்து நேரத்தையே மாத்திக்கிட்டீகளே தொர, இந்த மனசு யாருக்கு வரும்" என்றான்.

"பரவாயில்லை, பரவாயில்லை" என்றார் துரை.

முப்பது நோன்பும் முடிந்து பெருநாள் வந்தது. சின்னத் துறைமுகம் ஒன்றில் கப்பலைக் கட்டியிருந்தார்கள். பல் கிட்டிப் போகும் தண்ணீரில் குளித்துவிட்டு, கரையில் ஒரு பாறை மேல் தனியாக நின்று தொழுதான் ஜமீல். சுல்தான் பீவி பொட்டலம் கட்டிக் கொடுத்த சேமியாவைப் பத்திரமாக வைத்திருந்தான். அதில் பாயசம் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றினான். துரைமார் புட்டியைத் திறந்தார்கள். சிரிப்பும் பாட்டுமாக இருந்தது. லோகன் காப்டன் எழுந்து நின்று, ஜமீலுக்கு ஒரு பெருநாள் பரிசு தரப்போவதாகச் சொன்னார்.

பரிசை நடித்தே காட்டினார். ஜமீல் மேல்தளத்தில் தொழுதுகொண்டிருக்கிறான். காப்டன் பூனை மாதிரி அடுப்படிக்குள் நுழைகிறார். ஆணியிலிருந்து கடிகாரத்தை எடுக்கிறார். முள்ளை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார். திரும்ப மாட்டுகிறார். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறார். மேஜையே அதிர்ந்தது. பிரெம்னருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று ஜமீலும் சிரித்தான். விஷயம் மண்டையில் ஏறும் முன்பே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பின்னால் தனியாக இருக்கும்போதெல்லாம் கூசிப்போவான்.

"தொரைக்குத் தெரியுமா?" என்று பிரெம்னரிடம் கேட்டான்.

"தெரியும். யோசனை என்னுடையது" என்றார் துரை. "எங்கள் சாப்பாட்டு நேரம் மாறவே இல்லை. நீ உப்புப் பார்க்க வேண்டாமா?"

டாக்டர் சமாதானம் சொன்னார். முள் முன்னால் போனதால் ஆரம்பமும் முன்னால் போயிற்று, முடிவும் முன்னால் போயிற்று, பட்டினி கிடந்த நேரம் அதேதான், ஒரு நிமிஷம் குறையவில்லை, பிறகு என்ன நஷ்டம் என்றார். கணக்கு சரிதான். ஜமீலுக்குக் கணக்கில் சண்டை இல்லை.

"தொர, நான் தண்ணி குடிச்ச நேரத்துல எம் பொண்டாட்டி அங்கிட்டு வறண்ட வாயோட உக்காந்திருந்திருக்கா."

என்ன சொல்கிறான் என்று மற்றவர்கள் கேட்டார்கள். பிரெம்னர் இங்கிலீஷில் சொன்னார். பெண்டாட்டிக்குப் பயந்து நடுங்குகிறான் என்று நினைத்து மறுபடியும் சிரித்தார்கள். ஜமீல் பாயசக் கிண்ணங்களை அள்ளிக்கொண்டு போய்க் கழுவினான். மறுநாளிலிருந்து அவன் அடுப்புப் பக்கமே உட்கார்ந்து சாப்பிட்டான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மேஜையில் கால் நீட்ட இடம் கிடைத்தது என்று லோகன் காப்டன் சந்தோஷப்பட்டார்.

திரும்பி வரும் கப்பலில் ஜமீல் ஒரே முடிவாக இருந்தான். வீட்டுக்குள் காலை வைத்ததும் சுல்தான் பீவியிடம் சொல்லிவிடுவது, மறுநாளே ஹஜ்ரத்திடம் போவது. ஆனால் மதுரை ரயிலடியில் மாலையோடு ஆட்கள் நின்றார்கள். அவன் இல்லாத மாதங்களில் ஹஜ்ரத் அவன் கதையைச் சொல்லிச் சொல்லி, சூரியன் மறையாத கடலில் நம் தெருக்காரன் ஒருவன் நோன்போடு இருக்கிறான் என்பது ஊர்முழுக்கப் பரவியிருந்தது. வந்த வாரமே ஜும்ஆவில் ஹஜ்ரத் அவனை முன்வரிசைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பொழுதே மறையாத எடம். பாங்கு சத்தம் கேக்காத எடம். சுத்தி அம்புட்டுப் பேரும் திங்கிற எடம். அங்கன போயி முப்பது நோன்பையும் சிந்தாம கொண்டாந்துட்டான் நம்ம ஜமீல். வீட்டுல உக்காந்துக்கிட்டுத் தலவலின்னு நோன்ப விடுற ஆளுக இவன் மொகத்தப் பாத்துக்கங்க. இவன் நோன்பு ஜமீல்!"

ஜமீல் தலையைக் குனிந்துகொண்டான். பணிவைப் பார் என்றார்கள்.

அன்று வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சுல்தான் பீவி தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னாள். விலக்கான நாட்களுக்குப் பெருநாள் கழித்து ஈடு செய்து, அவளும் முப்பதும் பிடித்திருந்தாள். ஆனால் ஒருநாள் அண்டை வீட்டுப் பெண்களோடு பள்ளிவாசலுக்குக் கஞ்சி கிண்டும்போது, உப்புப் பார்க்க நாக்கு நுனியில் வைத்தாள். துப்பினாள். துப்பியது முழுக்க வெளியே வந்ததா, தொண்டையில் இறங்கியதா என்று அன்றிலிருந்து அவளுக்கு நிச்சயம் இல்லை.

"பிள்ள இன்னும் பேசல பாருங்க. அந்தக் கடல்ல கிடந்து நீங்க பிடிச்சது முப்பதும் சுத்தம். ஓட்ட என்னோடதுலதான்."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைத்திருக்காது. வாய் திறந்திருந்தால் அன்றே எல்லாம் தீர்ந்திருக்கும். ஹஜ்ரத்திடம் போயிருந்தால், அறியாமல் நடந்ததற்கு அல்லா பிடிக்கமாட்டான், கெட்டுப்போன நோன்புகளைத் திரும்பப் பிடித்துக் கொடு என்று வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் முடித்து அனுப்பியிருப்பார். ஜமீல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மாலை வாடவில்லை, பட்டம் சூடாக இருந்தது. வெள்ளைக்காரன்கள் சேர்ந்து தன்னைக் குரங்காட்டினார்கள் என்று வாயால் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. அப்புறம் சொல்லலாம் என்று விட்டான். அப்புறம் என்று ஒரு நாளும் வரவில்லை.

பிரெம்னர் துரை சீமையோடு தங்கிவிட்டார். ஜமீல் முனிச்சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்தான். நோன்பு ஜமீல் கடை என்றால் கை சுத்தம், மனசு சுத்தம் என்று கூட்டம் வந்தது. ரமலான் வந்தால் பள்ளிவாசலில் நோன்பு திறக்க அவனுக்கு முதல் இடம். சூரியன் மறையாத கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். சொல்வான். பாறை, பனி, கருவாட்டுப் பந்தல் எல்லாம் சொல்வான். முள் சரியாக வந்து நிற்கும்வரை தண்ணீரைத் தொடாமல் காத்திருந்ததைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நடிப்பு இல்லை அது. காத்திருந்தது நிஜம்தானே.

வீட்டில் சுல்தான் பீவி தன் ஓட்டையை அடைக்கத் தொடங்கினாள். முதலில் ஒரு நோன்புக்குப் பதிலாக ஒரு நோன்பு. பிள்ளை பேசவில்லை. பிறகு திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும். அதற்குப் பிறகு ரஜப் மாசம், ஷஃபான் மாசம். நாக்கில் உப்புப் பட்டுவிடும் என்று நோன்பு இல்லாத நாளிலும் சமைக்கும்போது வாயில் துணி கட்டிக்கொள்வாள். ஷரீபாவுக்கு ஒன்பது வயசானபோது ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பின்னாலிருந்து கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிறவியிலேயே செவிடு, காது கேட்டால்தானே பேச்சு வரும், யார் செய்த குற்றமும் இல்லை என்று சொன்னார். "அல்லா நாடுனா கல்லே பேசும், காது எம்மாத்திரம்" என்று சொல்லிவிட்டு சுல்தான் பீவி வெளியே வந்தாள். அன்று வியாழக்கிழமை. அவள் எச்சில்கூட விழுங்கவில்லை. ஜமீல் குதிரை வண்டி பிடிக்கப் போனான்.

வருஷங்கள் போயின. பட்டினியில் அவள் குடல் புண்ணானது. வெறும் எலும்பாகிவிட்டாள். தெருப் பெண்கள் அவளைப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்: அந்த மனுசன் வலியுல்லா மாதிரி மகான், இவ என்ன குத்தம் செஞ்சாளோ, பிள்ள ஊமையாப் போச்சு. அதை அவளும் கேட்டாள், ஜமீலும் கேட்டான். ஒருநாளும் கடையை விட்டு எழுந்து வந்து, குற்றம் என்னுடையது என்று அவன் சொல்லவில்லை. ஷரீபா மட்டும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, வாயைக் காட்டி, சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சுவாள். அம்மாவும் மகளும் பேசிக்கொள்ள அவர்களே கண்டுபிடித்த கைப்பேச்சு ஒன்று உண்டு. கரண்டி கிண்டுவது போலக் கையைச் சுழற்றினால் அத்தா. உள்ளங்கையால் வாயை மூடினால் நோன்பு. பிள்ளை அதிகம் பார்த்த சைகை அதுதான். தன்னால்தான் அம்மா பட்டினி கிடக்கிறாள் என்பதை அவள் வெகு சின்ன வயசிலேயே புரிந்துகொண்டிருந்தாள்.

ஷரீபாவுக்கு இருபத்திரண்டு வயசு நடக்கும்போது சுல்தான் பீவி எழுந்து நடமாட முடியாமல் படுத்துவிட்டாள். வேளாவேளைக்கு ஏதாவது உள்ளே போகாவிட்டால் ஆள் தேறாது என்று வைத்தியர் ஜமீலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு வியாழக்கிழமை மதியம், கடையிலிருந்து குழைய வடித்த சோறும் ரசமும் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தான் ஜமீல்.

"இன்னைக்கு நோன்புங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"செத்துப் போவ பீவி."

"போறேன். ஓட்டையோட போக மாட்டேன்."

ஷரீபா காலடியில் உட்கார்ந்து இரண்டு பேர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு கையில் இருக்க, நின்றபடியே ஜமீல் சொல்லிவிட்டான். காப்டன், ஆணி, முள், இரண்டு மணி நேரம், பாயசம், சிரிப்பு எல்லாம் சொன்னான். பெருநாள்வரைக்கும் எத்தனை நோன்பு கெட்டது என்றே தனக்குத் தெரியாது என்றான். ஓட்டை உன்னுடையதில் இல்லை, என்னுடையதில் என்றான்.

சுல்தான் பீவி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"கடல்ல வச்சே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"கஞ்சியில உப்புப் பாத்தத நான் சொன்ன அன்னைக்கும் தெரியும்."

ஜமீல் தலையை ஆட்டினான்.

"வெள்ளக்காரன் உங்க நோன்பத்தான கெடுத்தான்" என்றாள் சுல்தான் பீவி. "என்னையக் கெடுத்தது நீங்க."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்கவில்லை. சுவரில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். மகள் பக்கம் திரும்பி, கரண்டி கிண்டுவது போலக் கையைச் சுழற்றினாள். வாயை உள்ளங்கையால் மூடினாள், மூடிய கையை உதறிக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள், மறுபடியும் வாயை மூடினாள், மூடினாள், மூடிக்கொண்டே இருந்தாள். பிறகு விரலால் மகளைத் தொட்டுக் காட்டி, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். உன்னால் இல்லை. கடைசியில் விரலை ஜமீல் பக்கம் நீட்டினாள். அந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ள அவன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அன்று ஒரு சொல் விடாமல் புரிந்தது.

ஷரீபா எழுந்து வந்தாள். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அவன் கையிலிருந்த தட்டை வாங்கி, சோற்றோடு கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்துவிட்டு, தானே அடுப்பைப் பற்றவைத்தாள். புதிதாகக் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்து அம்மாவுக்கு ஊட்டினாள். பட்டப்பகலில், நோன்பை முறித்துக்கொண்டு, சுல்தான் பீவி வயிறாரக் குடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் மூன்று வருஷம் இருந்தாள். வேளாவேளைக்குச் சாப்பிட்டாள். ஜமீல் கையால் சமைத்ததை ஒரு வாய்கூடத் தொடவில்லை.